உட்கார ஒரு சட்டம், எழுந்திருக்க ஒரு ஸ்டுடியோ

பத்துப் பதினைந்து வருஷத்துக்கு முன்னால் சென்னையில் பிலாட்டீஸ் என்று சொல்லியிருந்தால், "அது என்ன, புது பீட்சாவா?" என்று கேட்டிருப்பார்கள். இன்றைக்கு நகரத்தின் வசதியான பேட்டைகளில் அது ஒரு அந்தஸ்து. ஜிம்முக்குப் போகிறேன் என்று சொல்வதில் பெருமை இல்லை. ஜிம்தான் தெருவுக்குத் தெரு வந்துவிட்டதே! "பிலாட்டீஸ் க்ளாஸ்ல இருக்கேன், அப்புறம் கூப்பிடறேன்" என்பதில்தான் இப்போது கெத்து. கட்டிலும் இல்லாமல் படகும் இல்லாமல் ஒரு நீளச் சட்டம். அதில் முன்னும் பின்னும் வழுக்கி ஓடும் பலகை. ஸ்பிரிங்குகள், கப்பியில் ஓடும் கயிறு. ரிஃபார்மர் என்று பெயர். அதில் படுத்து ஒரு மணி நேரம் காலை நீட்டி மடக்க, சில இடங்களில் நாலு இலக்கத்தில் கட்டணம்.

செய்யட்டும். உடம்புக்குக் காசு செலவழிப்பவர்களைக் கிண்டல் பண்ணுவது நம் ஊரில் ரொம்பச் சுலபம். அதற்காக இதை எழுதவில்லை. என் சண்டை வேறு. அதற்குப் போகும் முன், இந்த வித்தையைக் கண்டுபிடித்த மனிதரின் கதையைச் சொல்லிவிடுகிறேன். ஸ்டுடியோ விளம்பரங்களில் இந்தக் கதைக்கு இடம் கிடைப்பதில்லை.

ஜோசப் பிலாட்டீஸ் 1883ல் ஜெர்மனியில் பிறந்தவர். சின்ன வயதில் ஆஸ்துமா, ரிக்கெட்ஸ், மூட்டுக் காய்ச்சல் என்று ஒரே சீக்கு. நோஞ்சான் உடம்பைத் தேற்றிக்கொள்ள ஜிம்னாஸ்டிக்ஸ், குத்துச்சண்டை என்று கிடைத்ததையெல்லாம் கற்றுக்கொண்டு, பிழைப்புக்காக இங்கிலாந்து போனார். 1914ல் முதல் உலகப் போர் மூண்டது. ஜெர்மன்காரர் என்ற ஒரே குற்றத்துக்காக பிரிட்டிஷ் அரசு அவரைப் பிடித்து முகாமில் போட்டது. இங்கிலாந்துக்கும் அயர்லாந்துக்கும் நடுவே மேன் தீவு என்று ஒன்று இருக்கிறது. அங்கே நாக்கலோ என்ற இடத்தில் முள்வேலிக்குள்ளே இருபதாயிரம் பேருக்கு மேல் அடைத்து வைத்திருந்தார்கள். அவர்களில் ஒருவராக இருந்துகொண்டுதான் அவர் இந்தப் பயிற்சிகளுக்கு உருவம் கொடுத்தார். படுக்கையை விட்டு எழ முடியாதவர்களுக்காகக் கட்டில் ஸ்பிரிங்குகளைக் கழற்றி மாட்டினார், அதுதான் இன்றைய ரிஃபார்மருக்குத் தாத்தா என்பது பிலாட்டீஸ் வாத்தியார்கள் வழிவழியாகச் சொல்லும் கதை.

1926ல் நியூயார்க் போனார். துணைவி கிளாராவுடன் சேர்ந்து எட்டாவது அவென்யூவில் ஒரு பயிற்சிக்கூடம் நடத்தினார். ஜார்ஜ் பாலன்சின், மார்த்தா கிரஹாம் போன்ற நடன மேதைகள் இடுப்பு பிடித்துக்கொண்ட, முட்டி விட்டுப்போன கலைஞர்களை அவரிடம் அனுப்பினார்கள். தன் முறைக்கு அவர் தன் பெயரை வைக்கவில்லை. கன்ட்ராலஜி என்றுதான் பெயர் வைத்தார். உடம்பை மனதின் கட்டுப்பாட்டில் வைப்பது என்று அர்த்தம். 1945ல் அவர் வெளியிட்ட புத்தகத்தில் 34 பயிற்சிகள். ஒன்றுக்குக்கூட மெஷின் வேண்டாம். தரை போதும், ஒரு விரிப்பு போதும். 1967ல் இறந்துபோனார். பிறகு பிலாட்டீஸ் என்ற பெயரே எனக்குத்தான் சொந்தம் என்று ஒரு கம்பெனி டிரேட்மார்க் வழக்குப் போட்டது. யாரும் சொந்தம் கொண்டாட முடியாது, இது பயிற்சி முறையின் பொதுப் பெயர் என்று 2000ல் நியூயார்க் ஃபெடரல் கோர்ட் தீர்ப்பு சொல்லிவிட்டது. அதனால்தான் இன்றைக்கு யார் வேண்டுமானாலும் போர்டு மாட்ட முடிகிறது.

ஆக, இடமும் இல்லாமல் சுதந்திரமும் இல்லாமல் அடைபட்டுக் கிடந்த ஒரு மனிதன், என் உடம்பாவது என் பேச்சைக் கேட்கட்டும் என்று பிடிவாதம் பிடித்ததில் வளர்ந்த வித்தை இது. அந்தப் பிடிவாதத்தை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். கொஞ்ச நேரத்தில் தி.நகருக்குப் போகப்போகிறோம். அங்கே அது தேவைப்படும்.

"இதெல்லாம் நம்ம யோகாதானே சார், வெள்ளைக்காரன் பேரை மாத்தி விக்கறான்" என்று ஒரு கோஷ்டி கிளம்பும். இருக்கட்டும். இப்படிச் சொல்கிறவரை டைனிங் டேபிளை விட்டுவிட்டுத் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து ஒரு வேளை சாப்பிடச் சொல்லுங்கள். எழுந்திருக்க ரெண்டு பேர் கை கொடுக்க வேண்டியிருக்கும்.

பிலாட்டீஸ் பலன் தருகிறதா? தருகிறது. நாள்பட்ட இடுப்பு வலிக்கு இதைப் பரிசோதித்த பல ஆய்வுகளைச் சேர்த்து அலசி, காக்ரேன் என்ற மருத்துவ ஆய்வு அமைப்பு 2015ல் ஒரு அறிக்கை கொடுத்தது. சும்மா இருப்பதைவிட இதைச் செய்தால் வலி குறைகிறது. ஆனால் மற்ற உடற்பயிற்சிகளைவிட இது உசத்தி என்று சொல்லத் தீர்மானமான ஆதாரம் கிடைக்கவில்லை. நடந்தாலும் சரி, நீந்தினாலும் சரி, மொட்டை மாடியில் பாய் விரித்துப் படுத்துக் காலைத் தூக்கினாலும் சரி. எது நடக்கிறதோ, எது தொடர்ந்து நடக்கிறதோ, அது நல்லது.

இப்போது என் சண்டைக்கு வருகிறேன்.

வாரம் மூன்று நாள் ஒரு மணி நேரம் க்ளாஸ். சரி. மிச்ச நேரம்? தூங்கும் நேரத்தைக் கழித்தால் ஒரு நாளைக்குப் பதினாறு மணி நேரம் இருக்கிறது. அதில் ஒரு மணி நேரத்தைக் காசு கொடுத்து வாங்குகிறோம். மீதிப் பதினைந்து மணி நேரத்தைப் பற்றி யாரும் வாய் திறப்பதில்லை. ஏனென்றால் அதை விற்க முடியாது.

உலக சுகாதார அமைப்பு ஒரு காலத்தில், உடற்பயிற்சி என்றால் ஒரே மூச்சில் பத்து நிமிஷமாவது செய்தால்தான் கணக்கு என்று சொல்லிக்கொண்டிருந்தது. 2020ல் அந்தக் கணக்கையே எடுத்துவிட்டது. வாரத்துக்கு 150லிருந்து 300 நிமிஷம் மிதமான உழைப்பு வேண்டும், அதைத் துண்டு துண்டாகச் சேர்த்தாலும் சேர்ந்ததுதான் என்று சொல்லிவிட்டது. மாடிப்படி ஏறுவது, பஸ் ஸ்டாண்டுக்கு நடப்பது, வீட்டைக் கூட்டுவது எல்லாமே கணக்கில் உண்டு. ரொம்ப நேரம் உட்காராதீர்கள் என்பதையும் சேர்த்துச் சொன்னது.

அந்தக் கணக்குப்படி நம் கதி என்ன? 2024ல் லான்செட் குளோபல் ஹெல்த் இதழில் வந்த மதிப்பீட்டின்படி, இந்தியாவில் வயது வந்தவர்களில் கிட்டத்தட்டப் பாதிப் பேருக்கு உடம்பு அசைவு போதவில்லை. ஆண்களில் 42 சதவிகிதம், பெண்களில் 57 சதவிகிதம். சர்க்கரை நோய் பற்றி 2023ல் வந்த இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் கணக்கில் தமிழ்நாட்டின் பங்கு 14.4 சதவிகிதம். நாட்டின் சராசரி 11.4தான். இதில் நாம் முன்னணி மாநிலம்.

இந்தப் புள்ளிவிவரம் வந்தவுடன் எல்லோரும் ஒரே பாட்டைப் பாட ஆரம்பிக்கிறார்கள். ஜனங்கள் சோம்பேறி ஆகிவிட்டார்கள். டாக்டர் சொல்கிறார், மந்திரி சொல்கிறார், வாட்ஸ்அப் மாமா சொல்கிறார். "அந்தக் காலத்துல பாட்டி ஆட்டுக்கல்லுல மாவு ஆட்டினா, கிணத்துல தண்ணி இழுத்தா, எண்பது வயசு வரைக்கும் ஜம்முனு இருந்தா." மாவாட்டியது பாட்டி. தாத்தா என்ன செய்துகொண்டிருந்தார்? திண்ணையில் உட்கார்ந்திருந்தார். ஆட்டுக்கல்லைத் திரும்பக் கொண்டுவரச் சொல்லும் ஆண்களில் குழவியைக் கையால் தொட்டவர் ஒருவரைக் காட்டுங்கள், பார்க்கலாம். கிரைண்டர் வந்தபோது நம் பாட்டிகள் விட்ட நிம்மதிப் பெருமூச்சை இப்போது குற்றமாக்காதீர்கள். இடுப்பு ஒடிந்தது அவர்களுக்குத்தான்.

சோம்பேறித்தனம் என்ற வார்த்தையே இந்த விஷயத்தில் ஒரு மோசடி. ஓ.எம்.ஆரில் வேலை பார்க்கும் ஒரு இளைஞரை எடுத்துக்கொள்ளுங்கள். காலையில் வேனில் உட்காருகிறார். ஒன்றரை மணி நேரம். ஆபீஸில் உட்காருகிறார். கால் சென்டர் என்றால் பாத்ரூம் போவதற்குக்கூட நிமிஷக் கணக்கு. ஸ்கிரீனில் ஆள் இல்லை என்றால் கம்ப்யூட்டர் போட்டுக் கொடுத்துவிடும். ராத்திரி மறுபடி வேனில் உட்காருகிறார். வீட்டுக்கு வந்து நடக்கலாம் என்றால் எங்கே நடப்பது? பிளாட்பாரத்தில் டிரான்ஸ்ஃபார்மர், டூ வீலர், உடைந்த சிலாப். ஒரு பெண் என்றால், ஒன்பது மணிக்கு மேல் விளக்கெரியாத தெருவில் தனியாக நடக்கச் சொல்லும் டாக்டர் கூடத் துணைக்கு வருவாரா?

2014ல் சென்னை மாநகராட்சி, நடப்பவர்களுக்கும் சைக்கிளில் போகிறவர்களுக்கும்தான் முதலிடம், போக்குவரத்துப் பணத்தில் பெரும் பங்கு அவர்களுக்கே என்று இந்தியாவிலேயே முதல் ஆளாகக் கொள்கை வகுத்தது. 2019ல் பாண்டி பஜாரில் அகல நடைபாதை போட்டது. நன்றாகத்தான் இருக்கிறது. சாயங்காலம் குடும்பம் குடும்பமாக ஜனங்கள் அதில் நடப்பதைப் பாருங்கள். சோம்பேறி ஜனங்களா அவர்கள்? இடம் கொடுத்தால் நடக்கிறார்கள். ஆனால் அந்த நடைபாதை முடிகிற இடத்தில் பக்கத்துத் தெருவில் கால் வைத்தால், பழையபடி சாக்கடை மூடியைத் தாண்டித் தாண்டிப் போக வேண்டும்.

குழந்தைகள் கதையும் இதுதான். பி.டி. பீரியடைக் கணக்கு டீச்சர் கடன் வாங்குவார். அந்தக் கடன் திரும்பி வந்ததாக வரலாறு கிடையாது. பத்தாவது, பன்னிரண்டாவது என்றால் கடன்கூட இல்லை, ஒரேயடியாக ஜப்தி. பன்னிரண்டு வருஷம் அசையாமல் உட்காரப் பழக்கிவிட்டு, முப்பது வயதில் இடுப்பு வலியுடன் வந்து நிற்பவனிடம் "எக்சர்சைஸ் பண்ணு" என்று சொல்கிறோம்.

அசைவு ஏன் அவ்வளவு முக்கியம் என்பதை உலகத்துக்கு முதலில் சரியாகச் சொன்னது எந்த விளையாட்டு வீரரும் இல்லை. லண்டன் பஸ் கண்டக்டர்கள். ஜெர்ரி மோரிஸ் என்ற டாக்டர் லண்டன் மாடி பஸ்களில் வேலை பார்த்த டிரைவர்களையும் கண்டக்டர்களையும் ஒப்பிட்டு 1953ல் ஒரு ஆய்வை வெளியிட்டார். ஒரே பஸ், ஒரே கம்பெனி. டிரைவர் நாள் பூராவும் உட்கார்ந்திருக்கிறார். கண்டக்டர் ஒரு நாளைக்கு நூற்றுக்கணக்கான படி ஏறி இறங்குகிறார். கண்டக்டர்களுக்கு மாரடைப்பு கணிசமாகக் குறைவு. பிறகு தபால்காரர்களையும் மேஜையில் உட்கார்ந்து வேலை பார்க்கும் தபால் இலாகா ஊழியர்களையும் பார்த்தார்கள். அங்கேயும் அதே முடிவு. (நம் சென்னை கண்டக்டர் சீட்டில் உட்கார்ந்தபடி "டிக்கெட்டை பாஸ் பண்ணுங்க" என்று விடும் குரலை மோரிஸ் கேட்டிருந்தால் ஆய்வு என்ன ஆகியிருக்கும் என்று அவ்வப்போது யோசிப்பேன். அந்தக் கூட்டத்தில் அவர் எங்கே நடப்பது என்பது வேறு விஷயம்.)

இதில் கவனிக்க வேண்டியது, அந்த லண்டன் கண்டக்டர் உடற்பயிற்சி செய்யவில்லை. அவருடைய வேலையின் அமைப்பு அவரை நடக்க வைத்தது. டிரைவர் சோம்பேறி இல்லை. அவருடைய வேலையின் அமைப்பு அவரை உட்கார வைத்தது.

அப்படியானால் நாள் பூரா நிற்பவர்கள் ஆரோக்கியமாக இருக்க வேண்டுமே? வாருங்கள், பாண்டி பஜாரிலிருந்து கொஞ்ச தூரம் நடந்தால் ரங்கநாதன் தெரு.

ஜவுளிக் கடைகளில், நகைக் கடைகளில், பாத்திரக் கடைகளில் வேலை பார்க்கும் பெண்கள் ஒரு நாளைக்குப் பத்து மணி நேரம், பன்னிரண்டு மணி நேரம் நிற்கிறார்கள். நடப்பது இல்லை, நிற்பது. அதே நாலு அடி இடத்தில். கஸ்டமர் இல்லாத நேரத்திலும் உட்காரக் கூடாது. சுவரில் சாயக்கூடக் கூடாது. கேமரா பார்த்துக்கொண்டே இருக்கிறது. பாத்ரூம் போக வேண்டுமே என்று தண்ணீர் குடிப்பதைக் குறைத்துக்கொள்கிறார்கள். கால் வீக்கம், நரம்பு சுருட்டிக்கொள்ளும் வெரிகோஸ், சிறுநீர்த் தாரை எரிச்சல். கனடாவின் ஒன்ராறியோ மாகாணத்தில் 7,300க்கும் மேற்பட்ட தொழிலாளர்களைப் பன்னிரண்டு வருஷம் பின்தொடர்ந்து ஒரு ஆய்வு செய்தார்கள். முடிவு 2017ல் வெளிவந்தது. பெரும்பாலும் நின்றபடியே வேலை பார்ப்பவர்களுக்கு, பெரும்பாலும் உட்கார்ந்து பார்ப்பவர்களைவிட இருதய நோய் ஆபத்து ஏறக்குறைய இரண்டு மடங்கு.

ஆக, விஷம் உட்காருவதிலும் இல்லை, நிற்பதிலும் இல்லை. மாற முடியாமல் இருப்பதில் இருக்கிறது.

இந்தப் பெண்களுக்காக முதலில் குரல் கொடுத்தது மருத்துவ உலகம் இல்லை. கோழிக்கோட்டில் விஜி என்ற தையல் தொழிலாளி. கடைப் பெண்களைத் திரட்டி "பெண்கூட்டு" என்று அமைப்பு நடத்தி, உட்கார உரிமை கேட்டுத் தெருவில் இறங்கினார். உட்காரக் கேட்டுப் போராட்டமா என்று சிரித்தவர்கள் உண்டு. 2018ல் கேரள அரசு சட்டத்தைத் திருத்தியது. 2021 செப்டம்பரில் தமிழ்நாடு சட்டசபையும் 1947ஆம் வருடக் கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தைத் திருத்தியது. ஊழியர்கள் எல்லோருக்கும் இருக்கை வசதி வேண்டும், வேலைக்கு நடுவே வாய்ப்புக் கிடைக்கும்போது உட்கார விட வேண்டும் என்பது சாரம். பாராட்ட வேண்டிய காரியம். ஒன்றையும் சொல்ல வேண்டும். தொழிற்சாலைகளில் நின்று வேலை பார்ப்பவர்களுக்கு இருக்கை வேண்டும் என்று 1948ஆம் வருடத் தொழிற்சாலைகள் சட்டத்தின் 44வது பிரிவு அப்போதே சொல்லியிருந்தது. தொழிற்சாலையிலிருந்து ஜவுளிக் கடைக்கு ஒரு நாற்காலி நகர 73 வருஷம் ஆகியிருக்கிறது.

நகர்ந்து வந்த நாற்காலி என்ன ஆயிற்று? கடைகளுக்குள் போகும்போது நான் கவுன்டருக்குப் பின்னால் எட்டிப் பார்க்கிறேன். சில கடைகளில் ஸ்டூல் இருக்கிறது, ஆளும் உட்கார்ந்திருக்கிறார். சந்தோஷம். சில கடைகளில் ஸ்டூல் இருக்கிறது, அதன் மேல் அட்டைப் பெட்டி உட்கார்ந்திருக்கிறது. ஒரு கடையில் "ஏம்மா, உட்காரலாமே" என்றேன். அந்தப் பெண் சிரித்துவிட்டு, மேலே கேமராவைக் கண்ணால் காட்டினார். "கஸ்டமர் வந்தா எழுந்திருக்கணும், கஸ்டமர் வந்துகிட்டேதான் இருப்பாங்க சார்."

இப்போது இரண்டு பேரையும் பக்கத்தில் நிறுத்திப் பாருங்கள். ஓ.எம்.ஆர். இளைஞருக்கு எழுந்திருக்க அனுமதி இல்லை. அவர் காசு சேர்த்து, சாயங்காலம் ஒரு ஸ்டுடியோவில் போய்த் தன் முதுகைத் திரும்ப வாங்கிக்கொள்கிறார். ரங்கநாதன் தெருப் பெண்ணுக்கு உட்கார அனுமதி இல்லை. அவரால் வாங்க முடியாது. இரண்டு பேரிடமும் பிடுங்கப்பட்டிருப்பது ஒன்றுதான். என் உடம்பை எப்போது உட்கார வைப்பது, எப்போது எழுப்புவது என்று தீர்மானிக்கும் அதிகாரம். முகாமுக்குள் அடைபட்டுக் கிடந்த பிலாட்டீஸ் பிடிவாதமாகப் பிடித்துக்கொண்டதும் அதைத்தானே? கன்ட்ராலஜி என்று அவர் பெயர் வைத்தாரே, அந்தக் கன்ட்ரோல் இன்று மேனேஜர் கையில் இருக்கிறது.

"அரை மணிக்கு ஒரு தடவை எழுந்திருங்கள், அதைப் பழக்கமாக்கிக்கொள்ளுங்கள்" என்று பத்திரிகைகளில் டிப்ஸ் வருகிறது. பழக்கம் என்பது தானாக முளைப்பதில்லை. அதற்கு அனுமதி வேண்டும். அனுமதி உள்ளவர்கள் தாராளமாகச் செய்யுங்கள். போன் வந்தால் எழுந்து நடந்துகொண்டே பேசுங்கள். மூன்று மாடிக்கு லிஃப்ட் வேண்டாம். ஒரு வேளை தரையில் உட்கார்ந்து சாப்பிட்டு, கை ஊன்றாமல் எழ முயன்று பாருங்கள். பிலாட்டீஸ்தான் வேண்டும் என்றால் பாய் விரித்துப் படுங்கள். கால் முட்டிகளை மடக்கி மேலே தூக்கி, தலையையும் தோளையும் தரையிலிருந்து கொஞ்சம் உயர்த்தி, நீட்டிய கைகளை மேலும் கீழும் அசைத்தபடி ஐந்து எண்ணும்வரை மூச்சை இழுங்கள், ஐந்து எண்ணும்வரை விடுங்கள். இப்படிப் பத்துத் தடவை, மொத்தம் நூறு. அவர் புத்தகத்தின் முதல் பயிற்சியே இதுதான். கழுத்து வலி, முதுகுப் பிரச்னை உள்ளவர்கள் மட்டும் டாக்டரையோ பிஸியோதெரபிஸ்ட்டையோ கேட்டுவிட்டுச் செய்யுங்கள்.

அனுமதி இல்லாதவர்களுக்கு டிப்ஸ் எழுதிப் பிரயோஜனம் இல்லை. அங்கே பேச வேண்டியது முதலாளியிடமும் அரசிடமும். ஆபீஸில் வருஷத்துக்கு ஒரு நாள் யோகா தினம் கொண்டாடி, டி-ஷர்ட் கொடுத்து, போட்டோ எடுத்துக்கொள்ளும் கம்பெனிகளே, ஊழியர் ஐந்து நிமிஷம் எழுந்து நடந்ததை லாக்-அவுட்டாகக் கணக்குப் பண்ணுவதை முதலில் நிறுத்துங்கள். பள்ளிக்கூடங்கள் பி.டி. பீரியட் நடந்ததா என்று பெற்றோரிடம் கணக்குக் காட்டட்டும். 2023ல் மாவட்டத்துக்கு ஒரு எட்டு கிலோமீட்டர் பாதை போட்டு "நடப்போம் நலம் பெறுவோம்" என்று அரசு நம்மை அழைத்தது. வரத் தயார். ஆனால் வீட்டு வாசலிலிருந்து அந்தப் பாதை வரைக்கும் நடந்தே போக முடிய வேண்டாமா? தொழிலாளர் துறை ஆய்வாளர்கள் கடைக்குள் போகும்போது லைசென்ஸை மட்டும் பார்க்காமல் ஸ்டூலையும் பார்க்கட்டும். ஸ்டூல் இருக்கிறதா என்று கேட்டால் போதாது. அதன் மேல் யார் உட்கார்ந்திருக்கிறார்கள் என்று பார்க்க வேண்டும்.

நாமும் பார்க்கலாம். தீபாவளிக்குத் துணி எடுக்கப் போவீர்கள். ஐம்பது புடவையைப் பிரித்துப் போடச் சொல்வீர்கள். போடுகிறவர் நின்றுகொண்டிருப்பார், நீங்கள் குஷன் நாற்காலியில் உட்கார்ந்திருப்பீர்கள். பில் போடும் இடத்தில் மேனேஜரைக் கூப்பிட்டு, "உங்க ஸ்டாஃப் உட்கார சேர் எங்கேங்க?" என்று சத்தமாக, நாலு கஸ்டமர் காதில் விழுகிற மாதிரி கேளுங்கள். எந்தக் கவுன்டர், எந்தப் பெண் என்று மட்டும் காட்டிக்கொடுத்துவிடாதீர்கள். அடுத்த நாள் அவருக்கு அந்த வேலை இருக்க வேண்டும்.